ஒரு போனில் ஒன்பது பேர்

ஜூன் 8, ஞாயிறு

விடாத மழை. நூலகக் கூரை மறுபடி ஒழுகல். அகராதி அலமாரி பக்கத்தில் வாளி. பஞ்சாயத்தில் சொன்னால் ஃபண்டு வரட்டும் என்பார்கள். சொல்லவில்லை.

மாலை நூலகத்தில் நான் நடத்தும் கலைக்களஞ்சிய வகுப்பு. இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் விதி உண்டு என்று ஏலப்பாறை ஊர் முழுக்கச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வந்தது மூன்று பேர்.

அந்தோணி: ஜீப் ஓட்டுபவர். தன் ஜீப்பைப் பற்றியே கட்டுரை, அடியில் போன் நம்பர். அழித்தேன்.

ரிட்டயர்டு கண்டக்டர்: வேறு தளத்திலிருந்து அப்படியே நகல். நல்லாத்தானே எழுதியிருக்கான், எதுக்கு மாத்தணும் என்று என்னிடமே வாதம்.

செல்வி: எதுவுமே செய்யவில்லை. ஒவ்வொரு வரிக்கும் "போடலாமாக்கா?"

செல்விக்குத் தேயிலைத் தோட்டத்தின் கழுதைமேடு டிவிஷனில் கொழுந்து எடுக்கிற வேலை. யூனியன் செயலாளரும் அவள்தான். மேனேஜர் ரூமில் அவள் பேசினால் ரோட்டில் கேட்கும். அவள் ஒரு முற்றுப்புள்ளிக்கு என் முகத்தைப் பார்க்கிறாள். இங்கே மேஸ்திரி கிடையாது, தைரியமாகப் போடு என்றேன்.

"அப்ப தப்பாப் போனா யாரு ஏசுவா?"

முகம் தெரியாத எல்லோரும் ஏசுவார்கள் என்றேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்து 'கழுதைமேடு' என்று தலைப்பு வைத்து ஆறு வரி எழுதினாள். ஏலக்காய் மூட்டையோடு கழுதைகள் வந்து நின்ற மேடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், மாதா சிலை இருக்கிற கெபி, ஓடை. சுத்தமான ஆறு வரி. எனக்குச் சந்தோஷம்.

இரவு ரசம், அப்பளம்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் அரை மணி. துணி பாதி காய்ந்தது.

செல்வி (இனி செ.) கட்டுரையின் தலைப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மேலே வந்த ரிசார்ட் அந்த இடத்துக்கு வைத்த இங்கிலீஷ் பெயர். எழுதவே கை வரவில்லை. சான்றாக ஒரு பத்திரிகையின் சுற்றுலாப் பக்கம். மாற்றியவர் விதிப்படிதான் செய்திருக்கிறார், அதுதான் எரிச்சல். வெளிவந்த எழுத்தில் எந்தப் பெயர் அதிகமோ அதுதான் தலைப்பு. கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் கருத்துச் சொல்லத் திங்கள் வரை நேரம்.

மதியம் செ. போன். குரல் இறங்கியிருந்தது. வளைவில் இருந்த கழுதைமேடு போர்டு போயிற்றாம். பஸ்ஸில் கண்டக்டரும் புதுப் பெயரைத்தான் கூவுகிறாராம்.

"கழுதைன்னு இருந்தா டூரிஸ்டு வர மாட்டானாம். நாங்க இருக்கோம்லாக்கா. இதுலயும் போச்சுன்னா அப்புறம் எங்க போய்ச் சொல்ல?"

நிறையப் பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றேன். புத்தகத்தில், பேப்பரில் என்ற அர்த்தத்தில். சரிக்கா, காட்டிருவோம் என்றாள்.

ஜூன் 11, புதன்

வாங்க: பினாயில், பசை, பேனா ரீஃபில்.

பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டினேன். கழுதைமேடு என்று ஒரே ஒரு செய்தி, மின்சாரம் தடைபடும் இடங்களில் ஒன்றாக. பக்கம் கிழிந்து தேதி போய்விட்டது. தேதி இல்லாத சான்று செல்லாது. தும்மல் மட்டும் மிச்சம்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல கூத்து.

பேச்சுப் பக்கத்தில் நேற்று சாயங்காலம் ஒன்பது புதுக் கணக்குகள். ஒன்பதும் ஒரே வாசகம்: "எங்கள் ஊர் பெயர் கழுதைமேடு. அதை மாற்றக் கூடாது என்று ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு." கீழே பாக்கியம், முத்துமாரி, ரோசம்மா என்று வரிசையாக. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் தளத்தின் நிர்வாகிகள் கண்ணில் இது எப்படிப் படும் என்று உறைத்தது.

காலை பத்து மணிக்கெல்லாம் நிர்வாகி ஒருவர் எல்லாக் கணக்கையும் முடக்கிவிட்டார், செ. கணக்கையும் சேர்த்து. காரணம்: ஒரே ஆள் பல வேஷம். ஒன்பது கருத்தின் மேலும் கோடு. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 14, சனி

மழை, காற்று. கரண்ட் இல்லை.

செ. நனைந்துகொண்டே வந்தாள். வந்ததும் நான் கத்திவிட்டேன். வந்தவளுக்குத் துண்டு கொடுக்கக் கூடத் தோன்றவில்லை. இது ஓட்டு இல்லை, தலை எண்ண மாட்டார்கள், காரணம்தான் கேட்பார்கள், வகுப்பில் சொன்னேனா இல்லையா. பொறுமையாகக் கேட்டாள். நடந்ததைச் சொன்னாள். லயத்தில் தண்ணீர் டேங்க் பக்கம் மட்டும்தான் சிக்னல். எல்லோரும் அங்கே கூடினார்களாம். பேசி முடிவெடுத்து, ஒவ்வொருத்தியும் பேர் சொல்லச் சொல்ல, செ. தன் போனிலேயே கணக்குத் திறந்து தட்டியிருக்கிறாள்.

"மனு எப்பவும் அப்பிடித்தானக்கா. ஒருத்தி எழுதுவா, எல்லாரும் சேந்து கையெழுத்துப் போடுவோம். தனித்தனியா எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல கிழிச்சில்லா போடுவான்."

அங்கே ஒரே மாதிரி இருந்தால்தான் பலம். இங்கே ஒரே மாதிரி இருந்ததால்தான் பொய். துண்டைக் கொடுத்தேன்.

கரண்ட் வந்ததும் நிர்வாகிக்கு எழுதினேன். ஒன்பது பேரும் நிஜம், நான்கு பேரை நேரில் தெரியும், சிக்னல் ஒரு இடத்தில்தான், போன் ஒன்றுதான். மூன்று தடவை அடித்துத் திருத்தி அனுப்பினேன்.

பதில் உடனே. மரியாதையான ஆள். செ. கணக்கை விடுவிக்கிறேன், விதியை விளக்கிவிடுங்கள். மற்றவர்கள் தனித்தனியாக, தங்கள் சொந்தச் சொற்களில், தாங்களே தட்டச்சு செய்து முறையிடலாம். ஒரே போன் என்றால் அதைச் சொல்லிவிடட்டும். யாராவது எழுதிக்கொடுத்தது என்று தெரிந்தால் நிரந்தரத் தடை.

நியாயம். ஆனால் அந்த ஒன்பதில் போனில் தமிழ் தட்டத் தெரிந்தவர் ஒருத்தர் கூட இல்லை. செ. குடையை விரித்தாள். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். வகுப்பு ரத்து. காலையிலேயே செ. போன், கழுதைமேட்டுக்கு வரச் சொல்லி. அந்தோணி ஜீப்பில் போனேன். வழியெல்லாம் அவர் கட்டுரையை நான் அழித்த கதைதான்.

டேங்க் பக்கத்தில் ஆறு பெண்கள், குடையோடு வரிசையில். மற்ற மூவரில் ஒருத்திக்குக் காய்ச்சல், இரண்டு பேர் மாட்டேன் என்று விட்டார்களாம். கொழுந்து நிறுக்க நிற்பது போலவே நின்றார்கள், பேச்சு மட்டும் இல்லை. செ. தள்ளி நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறதாம்.

முதல் ஆள் பாக்கியம். ஐம்பது தாண்டியிருக்கும். கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரல், அது பட்டால் திரை நகர மாட்டேன் என்கிறது. முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். தப்பாக விழுந்தால் அழிப்பார், அழித்தால் நல்ல எழுத்தும் சேர்ந்து போகும். மறுபடி முதலிலிருந்து. பின்னால் நின்றவர்கள் ஒருத்தி கூட முணுமுணுக்கவில்லை.

கருத்துச் சொல்ல நாளைதான் கடைசி. இந்த வேகத்தில் ஆறு பேரும் முடித்த மாதிரிதான். எனக்குக் கால் கடுத்தது, மனசும் கேட்கவில்லை. திரையில் அதுவரை இருந்தது: "நான் பாக்கியம் செல்வி இல்லை என் ஊர் கழு"

தாங்கமாட்டாமல் கையை நீட்டினேன். குடுங்கக்கா, மிச்சத்த நான் தட்டித் தாரேன்.

"நீ தட்டுனா அது நீ சொன்னதால்லா ஆயிரும், புள்ள."

போனை எனக்கு எட்டாமல் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த எழுத்தைத் தேடினார்.