எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்கச் சொன்னவளுக்கு

இன்று காலை நம் அறையைக் காலி செய்தார்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சமையலறை ஸ்டோருக்குப் பக்கத்தில், நாம் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோமே, அந்த அறைதான். இனி அங்கே சத்துமாவு டப்பா விற்கப்போகிறார்களாம். இழுப்பறையைக் கவிழ்த்தபோது பழைய டயட் சீட்டுகளோடு உன் இஞ்ச் டேப்பும் விழுந்தது. உன் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து நீ கேட்டு வாங்கி வந்தது. எழுந்து நின்று எடை பார்க்க முடியாத நோயாளிகளின் மேற்கையைச் சுற்றி அளந்து அளந்து, தொடக்கத்து எண்கள் தேய்ந்தே போயிருந்தன. ஆள் வந்து மேசையைத் தூக்க வேண்டும் என்று சொல்லும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கோயமுத்தூரில் ஒன்றாகப் படித்து, ஒரே மாதத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நான் அவிநாசிக்காரி. உன் குடும்பம், நீ சிறு பிள்ளையாக இருக்கும்போதே வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பனியன் வேலை தேடித் திருப்பூருக்கு வந்தது. இத்தனை வருடம் இங்கே வளர்ந்தும் உன் பேச்சு மாறவில்லை. நீ என்னை ‘ஏட்டி’ என்பாய், நான் உன்னைப் ‘புள்ளே’ என்பேன். சமையலறை அக்காக்களுக்கு அதைக் கேட்டால் ஒரே சிரிப்பு.

டயட்டீஷியன் என்று பெயர்தான். சர்க்கரைக்காரருக்குக் கோதுமை உப்புமா, பிரஷர்காரருக்கு உப்பில்லாத சாம்பார் என்று தட்டில் சீட்டு ஒட்டுவதுதான் வேலை. வார்டு ரவுண்ட்ஸுக்கு நாமும் வருகிறோம் என்று நீ போய்க் கேட்டபோது பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க கிச்சனப் பாத்துக்குங்கம்மா, அது போதும்” என்றார். மறுநாள் காலை நீ ரவுண்ட்ஸின் கடைசி ஆளாகப் போய் நின்றாய். அதற்கு மறுநாளும் நின்றாய். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் பின்னால் நான் நின்றேன்.

சேவூர் சரசுவை நீ மறந்திருக்க மாட்டாய். பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். வயிற்றுப் புண் முற்றி, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி அடைத்துவிட்டது. ஐந்து வாரமாக எது உள்ளே போனாலும் வாந்தி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ டேப்பை எடுத்துக் கையை அளந்துவிட்டு, “சின்னப் புள்ளக் கை மாதிரி இருக்குட்டி” என்று மெதுவாகச் சொன்னாய். இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவு போனால் ரத்தத்திலிருக்கும் உப்புச்சத்துகள் சட்டென்று இறங்கிவிடும், இதயம் நின்றுபோகக்கூடும் என்று நாம் படித்திருந்தோம். முதல் நாள் கால் பங்கு, ஒரு வாரத்தில் படிப்படியாக முழு அளவு, தினமும் ரத்தப் பரிசோதனை என்று கேஸ் ஷீட்டில் எழுதினாய்.

டூட்டி டாக்டர் அதன் மேல் ஒரு கோடு போட்டார். “ஆபரேஷன் நல்லா ஆயிருக்கு. தெம்பாச் சாப்பிட்டாத்தானே எந்திரிப்பாங்க?” என்றவர், என் பக்கம் திரும்பி, “நீங்களும் இதையேதான் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

நான் கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

முழு அளவு உணவு ட்யூப் வழியாகப் போனது. நீ சரசுவின் கணவரிடம் போய்க் கெஞ்சினாய். பிள்ளைக்குச் சோறு போடாதே என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல அவர் உன்னைப் பார்த்தார். “இன்னிக்குத்தானுங்க அவ மொகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்குது. நீங்க ஏனுங்க கொறச்சுக் குடுக்கச் சொல்றீங்க?”

நான்காம் நாள் காலையில் சரசுவின் இதயம் நின்றது. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல் என்று எழுதி கேஸ் ஷீட்டை மூடினார்கள். அவர் கணவர் நம் அறை வாசலுக்கு வந்தார். “நீங்க அன்னிக்கு என்னமோ சொன்னீங்களே, அது என்னதானுங்க?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லண்ணே” என்றாய் நீ. என்னை நீ எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு எந்த நாளும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த யோசனையைச் சொன்னாய். “ஒருத்தி சொன்னா கேக்க மாட்டாவ. ஏழெட்டுப் பேரு ஒண்ணு போலச் சொன்னா கேட்டுத்தான ஆவணும்?” ஊட்டச்சத்துப் படித்துவிட்டு வீட்டில் இருந்த ஆறு பெண்களைத் தேடிப் பிடித்தாய். வார்டில் வைத்தே ஆறு மாதம் பயிற்சி. சும்மா வேலை செய்ய ஆள் கிடைக்கிறார்களே என்று பெரிய டாக்டரும் தலையாட்டினார்.

முதல் நாள் பாடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பெண் பெரியவர் ஒருவரிடம் போய், “சாப்பிட்டீங்களா?” என்றாள். “ஆச்சு கண்ணு” என்றார் அவர். நீ குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த தட்டை எடுத்து மூடியைத் திறந்தாய். இட்லி மூன்றும் அப்படியே இருந்தன. “சாப்பிட்டீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாவ. எவ்வளவு சாப்பிட்டீங்கன்னு கேளு. தட்டப் பாரு. உடுப்பு தொளதொளன்னு ஆயிருக்கான்னு பாரு” என்றாய். ஆறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்தபோது ஆறு பேருக்கும் வேலை இல்லை என்றார்கள். இருவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி கோயமுத்தூரில் உடம்பு இளைக்கவைக்கும் சென்டரில் சேர்ந்தாள். மற்றவர்களுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த அணிக்குப் பயிற்சி தர நீ மறுபடியும் எழுதிக் கேட்டாய். உன் கடிதத்துக்குப் பதிலாக, நம் இருவரையும் கேன்டீன் மேற்பார்வைக்கு மாற்றி ஓர் உத்தரவு வந்தது. அதன் பிறகும் நீ ஒருத்தியாக ரவுண்ட்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாய். நான் போகவில்லை.

ஊரெல்லாம் சிக்குன்குனியாவில் சுருண்டு கிடந்த வருஷம் அது. நீ இளைத்திருந்தாய். காய்ச்சல் வந்துபோன உடம்பு என்றாய், நம்பினேன். மத்தியானம் உன் டப்பா சோற்றை சமையலறை அக்காக்களுக்கு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். உன் சுடிதார் தோளிலிருந்து நழுவியதையும் பார்த்தேன். தினமும் எதிரே உட்கார்ந்து, “சாப்பிட்டியா புள்ளே?” என்றுதான் கேட்டேன். “ஆமாட்டி” என்றாய்.

இரைப்பையில் புற்று. கண்டுபிடித்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. அடைப்பைத் தாண்டி உணவு போக, வயிற்றைத் திறந்து குடலில் நேராக ஒரு ட்யூப் வைத்தார்கள். பக்கவாதம் வந்த உன் அப்பாவை அழைத்துக்கொண்டு உன் அம்மா ஏற்கெனவே ஊருக்குத் திரும்பியிருந்தார். அவரை விட்டு உன் அம்மாவால் வர முடியவில்லை. நான்தான் உன்னோடு இருந்தேன்.

உன் கேஸ் ஷீட்டில் நான் எழுதினேன். முதல் நாள் கால் பங்கு, மெதுவாக ஏற்ற வேண்டும், தினமும் ரத்தப் பரிசோதனை. அதே டூட்டி டாக்டர் வந்து படித்தார். “நீங்க சொல்றபடியே பண்ணலாம்மா” என்றார். முதல் தடவையாக நம் சொல்லை ஒருவர் கேட்டார். உன் உப்புச்சத்துகள் ஒரு நாள்கூட இறங்கவில்லை. இதயம் சீராகத்தான் துடித்தது. எல்லாம் சரியாக நடந்தது. எதனாலும் ஒரு பயனும் இல்லை. நோய் தன் பாட்டுக்கு உன்னைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் என் விரலைப் பிடித்து, “ஏட்டி, கொஞ்சம் கருப்பட்டி காப்பி தாரியா?” என்று கேட்டாய். வாய் வழியாக எதுவும் கூடாது என்று எழுதியவளே நான்தான். அது உனக்கும் தெரியும். “முழுங்க மாட்டேன்ட்டி. வாயில வச்சிட்டுத் துப்பிருதேன்” என்றாய். “நாளைக்கு டாக்டர்கிட்டக் கேக்கறேன் புள்ளே” என்றேன். “சரி, கேளு” என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நான் கேட்டேன். கொடுங்கள் என்றுதான் சொன்னார். நீ கண் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா வந்தார். உன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார். “யம்மா, எம் புள்ள கடைசியா என்ன சாப்பிட்டா?”

மணிக்கு இத்தனை மில்லி என்று சொல்ல முடியுமா? “கருப்பட்டி காப்பி கேட்டாளுங்கம்மா” என்றேன்.

“குடுத்தியா?”

“குடுத்தனுங்க.”

“சூடா இருந்துச்சா?”

“சூடாத்தான் இருந்துச்சுங்கம்மா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது ஊரிலிருந்து போன் செய்கிறார். அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்வார், மழையைப் பற்றிச் சொல்வார், பிறகு அந்த இடத்துக்கு வந்துவிடுவார். நேற்றும் கேட்டார். எவ்வளவு குடித்தாள் என்று நேற்றுத்தான் முதல்முறையாகக் கேட்டார். அரை டம்ளர் என்றேன். யார் பிடித்துக் கொடுத்தது என்றார். அவளே கையில் வாங்கிக் குடித்தாளுங்கம்மா என்றேன்.