நிறுத்தி நிறுத்திக் கிளப்பிய இஞ்சின்

26 அக்டோபர் 1991, சனி

காலையிலிருந்து தூறல். பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். தார் ஷீட் வாங்க வேண்டும். (போன மழைக்கும் இதையேதான் எழுதினேன்.)

மதியம் காயலான் கடை வண்டியில் இஞ்சின் வந்து இறங்கியது. கடற்கரை ஹோட்டலில் பணக்காரப் பிள்ளைகள் ஏறி விளையாடும் தண்ணி ஸ்கூட்டராம். உடம்பு நொறுங்கிவிட்டது, இஞ்சினுக்குச் சேதமில்லை. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். என் கைக்குப் பழக்கம் பம்ப் செட்டும் டிராக்டரும். இது வேறு ரகம்.

வாங்கியவர் ஆரோக்கியம் மச்சான் (இனி ஆ.), தங்கை ரோஸியின் புருஷன். கடல்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் குப்பத்தை விட்டு இங்கே தண்டலம் வந்தார். வல்லம் ரோட்டுக் கம்பெனியில் ஹெல்பர். வரும்போது கொண்டுவந்த சின்னப் படகு என் பட்டறைக்குப் பின்னால் கவிழ்ந்தே கிடந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், இப்போது இஞ்சினோடு வந்து நிற்கிறார்.

"கிறிஸ்மஸ் முடிஞ்சதும் குப்பத்துக்கே போயிடறேன் மச்சான். ஷிப்டு ஷிப்டுன்னு நின்னுக்கினே சாவ முடியாது."

ரோஸிக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படகிலிருந்துதான் எங்கள் கடைசித் தம்பி ஜான் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

27, ஞாயிறு

பூசை முடிந்து நேராகப் பட்டறை. மழை இல்லை, புழுக்கம்.

தண்ணி ஸ்கூட்டருக்கு, படகைத் தள்ளுகிற மாதிரி விசிறி வெளியே கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்தப் பம்பைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. வேலை:

ஷாஃப்ட் கடைசல், முனையில் படகின் பழைய விசிறி.
கப்ளிங். டிராக்டருடையது ஒத்துவருமா?
படகுக்குள் மேடை, நாலு போல்ட்.
இஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். சின்ன பம்ப், பெல்ட், உறிஞ்சுகுழாய் அடியில் கிணற்று மோட்டாரின் புட் வால்வு.
ஆணி வாங்க (பட்டறைக்கு அல்ல, வீட்டு நாள்காட்டிக்கு).

படகை நிமிர்த்தியபோது உள்ளே தவளை, மக்கிய வலைத்துண்டு, ஒரு ரப்பர் செருப்பு. இடது கால். யாருடையது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆ. அதை எடுத்து எங்கோ வைத்துவிட்டு வந்தார்.

29, செவ்வாய்

ஏரி நிரம்பிவிட்டது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினோம். கிளப்பியதும் படகு கம்பீரமாகப் பின்பக்கமாகப் போய்க் கரையில் மோதியது. எருமை குளிப்பாட்ட வந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "இன்னா நைனா, ரிவர்ஸ்லயே கடலுக்குப் போறீங்களா?"

இந்த இஞ்சின் மற்ற போட் இஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மானம் போச்சு.

எதிர் முறுக்கு விசிறி வாங்க ஆ. காசிமேடு போகிறார்.

31, வியாழன்

புது விசிறி. படகு முன்னே போகிறது! சைலன்சர் சத்தம் வல்லம் வரை கேட்டிருக்கும்.

ஆ. முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். இதில் கயிறு சுற்றி இழுக்கும் வேலை இல்லை. பச்சைப் பொத்தான் கிளம்ப, சிவப்புப் பொத்தான் நிற்க.

ஒரு கோளாறு. ஏரி நடுவில் நின்று நின்று போகிறது. கரையிலிருந்து கேட்டேன். ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திரும்பக் கிளம்பும். "அதுவா நிக்கிதா?" என்றேன். "ஆமா" என்றார்.

1 நவம்பர், வெள்ளி

கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம். பிளக் மாற்றம். பெட்ரோல் குழாயில் ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. பட்டறையில் தண்ணீர் டிரம் வைத்து ஓட்டினால் நாள் முழுக்க ஓடும் போல. ஏரியில் மட்டும் நிற்குமாம். பைத்தியம் பிடிக்காத குறை.

சாயங்காலம் நானும் படகில் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது, அது வேறு. நடு ஏரியில் ஆ. தானே சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நான் பார்த்துவிட்டேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல மச்சான். நான்தான் நிறுத்துறேன்."

பிறகு சொன்னார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"அன்னிக்கு விடியல, ஒரே இருட்டு. நான் முன்னாடி வல பிரிச்சிக்கினு இருந்தேன், ஜான் சுக்கான்ல. திரும்பினா ஆளக் காணோம். போட்டு பாட்டுக்கு ஓடிக்கினு கீது. திருப்பிக்கினு வந்து தேடுனேன். ஆனா இஞ்சின நிறுத்தல. அந்தப் பழைய டீசல் நின்னா லேசுல கிளம்பாது, உனக்கே தெரியும். நின்னுடுச்சுன்னா தேட முடியாதேன்னு ஓட்டிக்கினே இருந்தேன். அந்த டடடட சத்தத்துல... அவன் கத்தியிருப்பான்ல?"

ஏரியில் ஒரு சத்தமும் இல்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும்.

"இது அமுக்கினா நிக்கிது, அமுக்கினா கிளம்புது. நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கேக்கணும்னு தோணுது, அவ்ளோதான்."

நான் சொன்னேன்: "நிறுத்தியிருந்தாலும் கேட்டிருக்காது மச்சான். காத்து, அல. அவ்ளோ தூரம் மனுஷன் குரல் வராது."

எனக்கு என்ன தெரியும்? கடல்மேல் போனவனே இல்லை. இருந்தும் அடித்துச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெய்யாலுமா?" என்று இரண்டு முறை கேட்டார். மெய்யாலும்தான் என்றேன்.

திரும்பும்போது ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

2, சனி. கல்லறைத் திருநாள்

மழை விட்டு விட்டு. பெட்ரோலில் ஆயில் கலந்து வைத்தேன்.

ஜானுக்குக் கல்லறை இல்லை. போன வருஷம் ரோஸி, கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில், யார் யாரோ ஏற்றிய மெழுகுவத்திகளோடு ஒன்றை வைத்துவிட்டு வந்தாள். இன்று காலை அவளே பட்டறைக்கு வந்து நின்றாள், கையில் சாமந்திப் பூ. "அவரு ராத்திரி நல்லாத் தூங்கினாருண்ணே. கடலுக்குப் போவட்டும், நான் தடுக்கல. இந்த வருஷம் பூவ தண்ணியிலயே போடறேன்."

இருவரும் படகில் போனார்கள். நான் கரையில்.

நடு ஏரிக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைத் திரை, படகு தெரியவில்லை. சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

அவர்தான் நிறுத்தியிருப்பார். எனக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீர் விளிம்புவரை ஓடினேன். திரும்பக் கிளம்பும், கிளம்பும் என்று பார்த்தேன். கிளம்பவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கத்தினேன். ரோஸி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ஜான். நிறுத்த முடியவில்லை. ஜான், ஜான் என்று தொண்டை போகும்வரை.

பிறகு இஞ்சின் கிளம்பியது. வந்து சேர்ந்தார்கள். பூப் போட்டு ஜெபம் சொல்லத்தான் நிறுத்தினார்களாம். ரோஸி என் முகத்தைப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.

ஆ. படகை இழுத்துக் கட்டினார். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"இந்தக் காத்து, இந்த மழ. நடு ஏரில கீறோம். நீ கூப்ட்டது ஒவ்வொரு வாட்டியும் கேட்டுச்சு மச்சான்."