சுகந்தி ஒட்டிய வளையல்கள்

அன்பு மகன் ஜீவாவுக்கு அம்மா கண்ணாயி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் மனைவி சுகந்தியும் எட்டுக்கை அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம் சாமி. வாசலில் நின்றால்தான் டவர் கிடைக்கிறது, அங்கே நின்று பேசினால் உள்ளே சுகந்திக்குக் கேட்கும். நம் ஊர் மணிவண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறானாம், அவனிடம் இதையும் கொஞ்சம் மிளகும் கொடுத்தனுப்புகிறேன். இந்த வருடம் மிளகு சுமார்தான், காற்றில் இரண்டு கொடி சாய்ந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மரவள்ளிக் காட்டுக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை.

குழந்தை போய் நான்கு மாதம் ஆகிறது. சுகந்தி இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை, பிறகு செம்மேட்டு விடுதியில் அறை பெருக்கும் வேலைக்கு மறுபடியும் போக ஆரம்பித்தாள் என்பது உனக்குத் தெரியும். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, அதன்மேல் குடை மாதிரி துணியில் ஒரு கூடு மாட்டியிருப்பார்கள். பழசாகி, துணி கருகி, கம்பி துருப்பிடித்துப் போனதால் ஆறு கூடுகளைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறாள் அங்கே பொறுப்பாக இருக்கும் பானுமதி. சுகந்திதான் வாயைத் திறந்து, “குடுங்கக்கா, நான் சரி பண்ணித் தாரனுங்க” என்று கேட்டு வாங்கி, ஆறையும் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது, ஏதோ ஒன்றைக் கேட்டாளே என்று.

செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. பேன்சி ஸ்டோரில் ஒரு டப்பா பெவிகால், கொஞ்சம் சமிக்கி, உல்லன் நூல், அவ்வளவுதான். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள், என் பழைய வாயல் சேலையைக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டினாள். ஒன்றுக்குச் சணல் கயிறு சுற்றினாள், ஒன்றில் சேலைக் கரையை வெட்டி ஒட்டினாள், ஒன்றில் சாமையையும் ராகியையும் பசைமேல் தூவிப் பூப்பூவாக வரைந்தாள். முதலில் நம் வீட்டுக் குண்டு பல்பின்மேல் வைத்துப் பார்த்தாள், சூட்டில் பசை இளகிக் கரை மொத்தமும் உரிந்து விழுந்தது. அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தாள் கண்ணு, நான் பார்த்தேன். அதற்குப் பிறகு சூடாகாத எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து, ஒவ்வொரு வரிசை ஒட்டியதும் எரியவிட்டுப் பார்ப்பாள்.

ஐந்து முடிந்து ஆறாவதைக் கையில் எடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் களை வெட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம். ஓடிப் பார்த்தால், வளைகாப்புக்கு நாம் போட்ட வளையல்களைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு குழவியால் தட்டிக்கொண்டிருக்கிறாள். நீ கடல் தாண்டி இருக்கிறாய், எனக்கு உயிரே போய்விட்டது. “புருசன் உசுரோட இருக்கறப்ப எந்தப் பொம்பளையாவது வளையலை உடைப்பாளாடி” என்று கத்திவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாமல்தான் கேட்டாள். “எம்புள்ளை மொகத்தை எனக்குக் காட்டாமயே கொண்டுபோய்ப் பொதைச்சீங்களே, அது மட்டும் ஆகுங்களா அத்தை?”

இதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை சாமி. குழந்தையை உயிரில்லாமல் எடுத்து, ஆபரேஷன் முடிந்து அவள் மயக்கத்தில் கிடந்தபோது, குழந்தையோட அம்மா முழிச்சதும் ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்றுதான் நர்ஸ் பெண் சொன்னாள். வேண்டாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று சொன்னது நான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உன் அப்பா துண்டில் சுற்றி மலைப்பாதையின் எழுபது வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, நம் காட்டு ஓரத்தில் அவர் கையாலேயே குழி வெட்டினார். அவள் கண் விழித்துக் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு என்று சொன்னேன். குழவியைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க பாத்தீங்கல்ல, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்றாள். தலையிலிருந்து கால்வரை பார்த்ததையெல்லாம் சொன்னேன். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சிவப்பும் பச்சையுமான துண்டுகளைக் கூட்டின்மேல் ஒட்டினோம், என் விரலில் கண்ணாடி குத்தியபோது அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் சுவர் முழுக்க நிறமாகத் தெரிந்தது. “புள்ளைக்கு வெளாட்டுக் காட்ட நல்லா இருந்திருக்குமில்லீங்க அத்தை” என்றாள்.

ஐந்து கூடுகளைப் பானுமதியிடம் கொடுத்துவிட்டாள், இது உங்கள் அறையில் இருக்கிறது. மறுநாள் காட்டு ஓரத்துக்கு அவளை நானே அழைத்துப்போய் இடத்தைக் காட்டினேன். திரும்பி வரும்போதுதான் அடுத்ததைச் சொன்னாள். தை பிறந்ததும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடப் போகிறாளாம். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. ஏன் கண்ணு என்றால், “அவரு சாப்ட்டியா, தூங்கினியான்னுதானுங்க கேக்கறாரு. புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க. பொறக்காத மாதிரியே பேசறாரு” என்கிறாள். இப்போதெல்லாம் உன் போனை அவள் எடுக்காதது அதனால்தான். அவளை நோகடிக்கக் கூடாதென்றுதான் நீ கேட்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் செய்ததும் அப்படித்தான் சாமி.

நீயும் பார்க்கவில்லை, அதனால் உனக்கும் சொல்கிறேன். பெண் குழந்தை. தலை நிறையக் கருகருவென்று முடி. நிறம் சுகந்தியைப் போல, நெற்றி உன் அப்பாவுடையது. இடது காது நுனி உனக்கு மடிந்திருப்பது போலவே மடிந்திருந்தது. வலது கையை மூடி வைத்திருந்தாள். வலித்த மாதிரி முகத்தில் எதுவும் இல்லை.

அழுகை வந்தால் அழு. அதன் பிறகு சுகந்திக்குப் போன் பண்ணு, எடுக்காவிட்டாலும் விடாதே. எடுத்ததும் மகளைப் பற்றிக் கேள். அவளுக்கு என்ன பெயர் யோசித்து வைத்திருந்தாள் என்று கேள். அவள் வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்லுவாள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மணிவண்ணனிடம் மிளகை மறக்காமல் வாங்கிக்கொள், சளி பிடித்தால் கஷாயம் போட்டுக் குடி.

உன் அம்மா
கண்ணாயி
அரியூர் நாடு, கொல்லிமலை