ஆறுமுன் இழுத்த துண்டு

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத இன்று கை வரவில்லை. உறைமேல் விலாசத்தைத் தையல்கடைக்காரரைக் கொண்டு எழுத வைத்தேன். என் எழுத்தைப் பார்த்தால் இதையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவாய்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். என் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சித்தியிடம்தான் காட்டுவேன் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், வாயாடி.

சரி, சுற்றி வளைப்பானேன்? உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் உன் கை வெந்த அன்று, ஷூவின் மேல்துணி, பசைத்தாள், உள்துணி மூன்றையும் அடுக்கி நீ சூட்டு மெஷினில் அழுத்திக்கொண்டிருந்தாய். ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. துண்டு நன்றாக ஆறிய பிறகுதான் இழுக்க வேண்டும். சூட்டோடு இழுத்தால் பசை இளகி எதுவும் கழன்றுதான் வரும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் எட்டு வருஷமாக இதைச் சொல்லித்தருகிறவளே நான்தான்! அன்று லாரி வாசலில் நின்றது, மேனேஜர் தலைக்குமேல் நின்றார். அவசரத்தில் சூட்டோடு இழுத்தேன். பாலாடை மாதிரி உரிந்து வந்தது. "அக்கா, ஆறட்டும், கொஞ்சம் பொறு" என்றாய். "எனக்கே பாடம் எடுக்கிறியா? சூட்டை ஏத்துடி" என்றேன்.

ஏற்றினாய். பசை வழிந்து துணி தகட்டில் பிடித்துக்கொண்டது. எடுக்கக் கையை விட்டாய், மேல்தகடு இறங்கிவிட்டது. "யாரைக் கேட்டு ஏத்தின?" என்று மேனேஜர் கத்தினார். வெந்த கையைப் பிடித்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த செக்கிங் நோட்டைப் பார்த்தேன், பாவி.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, நீ காலையில் ஒட்டிய துண்டுகளைக் கூடையிலிருந்து எடுத்து இழுத்துப் பார்த்தேன். ஆறியிருந்தன. பல்லால் கடித்து இழுத்தேன். துணி கிழிந்தது, ஒட்டு விடவில்லை. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்தும் அன்று மாலையே, உன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். செக்கர் வேலை போய்விடுமே என்ற பயம்.

நாலு மாசம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு தின்றேன். போன திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இப்போ வந்து சொல்லி என்னம்மா பண்றது?" என்றார். ஆனாலும் அந்தத் தாளை மாற்றி எழுதினார். என்னை டப்பா மடிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது கிடக்கட்டும். அம்மாவிடமும் சொன்னேன். என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. விரல்கள் மடங்குகின்றனவா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? தலையை நீயே பின்னிக்கொள்கிறாயா? பின்ன வரவில்லை என்றால் மட்டும் ஒரு வரி எழுது. ஆறு மணி நேரம்தானே, பஸ் ஏறி வந்து பின்னிவிட்டுப் போகிறேன். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம்டி. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும்.

நல்லா இரு, தங்கம்.

உன் அக்கா