கால் கழுவிய வியாழன்

ஒல்லூர்,
மே மாதம், ஞாயிறு.

அன்புத் தங்கை சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு,

இயேசுவுக்கே துதி. அக்கா ஃபிலோமினா எழுதுகிறேன். அம்மச்சிக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. கிணற்றடிப் பலாவில் காய்ப்பு அதிகம். பறிக்க ஆளில்லாமல் பழுத்து விழுகிறது.

பத்திரிகையில் வந்த படத்தை ஜெர்மனியில் உன் மடத்துச் சகோதரிகளுக்கெல்லாம் காட்டினாயாம், ஆனந்தக் கண்ணீர் வந்ததாம். தேவசி முதலாளி மண்டியிட்டு என் காலைக் கழுவுகிற படம். அதே கடிதத்தின் முடிவில், உன் வாய்தான் வேலையைக் கெடுத்திருக்கும், போய் மன்னிப்புக் கேள் என்றும் எழுதியிருக்கிறாய். என் வாய் என்ன சொன்னது என்பது படத்தில் விழவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலாளியின் துணிக்கடை ஜெபத்தோடு திறக்கும். சேலைப் பிரிவில் காலையில் ஜெபத்துக்கு நின்றால், ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டியதுதான். ஆளே வராத மதியத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மாடியில் கேமராவில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். திட்டமாட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். "சிலுவையில ஆண்டவர் உட்கார்ந்தா இருந்தாரு மோளே?" என்று மெதுவாகக் கேட்பார். இறங்கி வந்து மறுபடி நிற்பேன். என் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்தது அங்கேதான்.

ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பெரிய வியாழனன்று எங்களில் பன்னிரண்டு பேரை, வாடிக்கையாளர்களுக்கான நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான். முதலாளி இடுப்பில் துவாலை கட்டிக்கொண்டு மண்டியிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர். அவர் விரல் நரம்பு முடிச்சில் பட்டதும் நின்றது. "வலிக்குதா?" என்றார்.

நான் வாயாடவில்லை ஜெசிந்தா. எனக்கு அழுகை வந்துவிட்டது. "கழுவ வேண்டாம் முதலாளி, நாளைலேர்ந்து உட்கார ஒரு ஸ்டூல் குடுத்தாப் போதும்" என்றேன். அவரிடம் மட்டும்தான் சொன்னேன். கடை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் நிமிரவில்லை. என் பாதத்தை முத்தமிட்டார். போட்டோக்காரன், சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றான். மறுபடி முத்தமிட்டார். நீ பார்த்து அழுதது அந்த இரண்டாவது முத்தத்தை.

ஈஸ்டர் முடிந்து வேலைக்குப் போனபோது மேனேஜர் ஜோஜி வாசலிலேயே நிறுத்தினான். "சேச்சிக்குக் கால் சரியில்லைன்னு முதலாளிக்கு ரொம்ப மனக்கஷ்டம். வீட்ல ரெஸ்ட் எடுங்க, கூப்பிடுறோம்" என்றான். இதுவரை கூப்பிடவில்லை. ஒரு பழக்கூடை வந்தது, ஜெபமாலை ஒன்றும் வைத்து.

பங்குத்தந்தையிடம் போனேன். ஆண்டவரைப் போலக் குனிந்த மனுஷனை ஊர் முன்னால் வெட்கப்படுத்திவிட்டாயே என்றார். பேதுருவும் ஆண்டவரிடம் என் காலைக் கழுவ வேண்டாம் என்றுதானே சொன்னார் ஃபாதர், அவரை யாரும் ரெஸ்ட் எடுக்க அனுப்பவில்லையே என்றேன். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் பக்கத்தில் நிற்பாளே ஷைலஜா, அவள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். உட்கார அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அதிகாரி வந்தார், ஸ்டூல்களும் வந்தன. இப்போது யாராவது உட்கார்ந்தால் முதலாளி மாடிக்குக் கூப்பிட்டு, உடம்பு முடியலையா, சேர்ந்து ஜெபிப்போமா, ரெஸ்ட் வேணுமா என்று விசாரிக்கிறாராம். ரெஸ்ட் என்றால் என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஸ்டூலில் சேலைக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. "ஸ்டூலுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு சேச்சி, நம்மளுக்குத்தான் இல்ல" என்று ஷைலஜா சிரிக்கிறாள். அவளும் எத்தனை நாளைக்கோ.

முதலாளி வேஷம் போடுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபிக்கும்போது அவர் கண் கலங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேஷமாக இருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. நானும் பூசைக்குப் போகிறேன். நற்கருணை வாங்கும்போது மட்டும், அவருக்கு முன்னும் பின்னும் இல்லாமல் தள்ளி நிற்கிறேன்.

அடுத்த மாதம் முதலாளியும் மனைவியும் திருயாத்திரையாக அந்தப் பக்கம் வருகிறார்கள், உங்கள் மடத்துக்கும் வருவார்கள் என்று ஜோஜி சொன்னான். உபசரிக்க உன்னைத்தான் நிறுத்துவார்கள். நன்றாக உபசரி. காபி கொடு, சாப்பாடு போடு, ஜெபிக்கக் கூப்பிட்டால் சேர்ந்து ஜெபி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சு வந்தால், அக்காவை மன்னித்துவிடுங்கள் என்று நீ சொல்லிவிடாதே. வேறு யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன்.

அம்மச்சி உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா,
ஃபிலோமினா