மூன்று தலைமுறைச் சால்வை

பிப்ரவரி 7, வெள்ளி.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் தாத்தா, அப்பா, பிள்ளை என மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பங்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போடுவது வழக்கம். யார் போட்ட வழக்கமோ! இன்று நடந்த விழாவில் மைக்கில் அழைத்தது நான். பனியன் கம்பெனிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். கடைசியில் ஆயா சரசக்காவும் படியருகே வந்து நின்றார்.

“எங்கம்மா இங்கதானுங்க ஆயாவா இருந்தாங்க. இப்ப நானு. எம்புள்ள உங்ககிட்டத்தான் அஞ்சாவது படிக்குது. நானும் ஏறலாமுங்களா டீச்சர்?”

“படிச்சவங்களுக்கு மட்டுந்தாங்கக்கா” என்றேன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நடன உடையில் மேடையோரம் நின்ற அவர் மகள் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விழா முடிந்ததும் சரசக்கா ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்தார். “ரொம்ப நேரம் பேசுனீங்க, தொண்டை கட்டிக்குமுங்க.”

வாங்கிக் குடித்தேன். டம்ளரை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு ஐந்தாம் வகுப்பில்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாக வேண்டும்.