உன் கடைப் பக்கத்தை எடுக்க வேண்டியிருக்கிறது

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள். சொல்லாதவர்கள் அன்றைக்கு வெளியூர் போயிருப்பார்கள். ஆள் போய்விட்டால் இணையத்தில் இருக்கிற கடையும் கேட்பாரற்றுப் போகும், திறந்து கிடக்கிற வீட்டுக்குள் கண்டவனும் புகுந்துகொள்வான் என்று சொன்னேன். நீ எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே சிரித்தாய். இன்று காலை கைப்பேசியில் உன் பக்கத்தைத் திறந்தேன். மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நீ முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் படம் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டு விரிந்து கிடக்கிறது. ரம்மி ஆட வாருங்கள் என்று யாரோ ஒரு பெண் கூப்பிடுகிறாள். மச்சான், கல்யாண வீட்டில் சீட்டைக் கையில் எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன் நீ.

அந்தப் பக்கத்தை நானாகத் திறக்கவில்லை. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் புதுச்சத்திரத்தில் உன் கடை வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். நம் இணையப் பட்டியலில் மோட்டார்ப் பிரிவுக்குப் பொறுப்பாளர் என்று என் எண்தானே இருக்கிறது.

"ஏங்க, ஷட்டர் சாத்தியிருக்குதே. எங்க பக்கம் எல்லாக் கடையிலயும் கைய விரிச்சுட்டாங்க. உங்க பட்டியல்ல இந்தக் கடை இருக்குன்னுதான் மோட்டார வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன். மரவள்ளி காய்ஞ்சுகிட்டு நிக்குது."

"அவரு இல்லீங்க" என்றேன்.

"எப்ப வருவாரு?"

"அங்கயே இருங்க, நா வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உன் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் பட்டியலை ஆரம்பித்தது நாம் இரண்டு பேர். நாடே வியந்தது என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நம் தாலுகா வியந்தது என்பது உனக்குத் தெரியும். இணையத்தில் எதைத் தேடினாலும் விளம்பரம் கொடுத்தவன் கடைதான் முதலில் வருகிறது, போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர், லாரிக்குப் பாடி கட்டுபவர், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை, முட்டை வியாபாரி என்று நம் ஆட்கள் வைத்திருக்கிற பக்கமெல்லாம் எங்கோ அடியில் கிடக்கிறது என்று நீதான் கவலைப்பட்டாய். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வகை பிரித்துப் போடுவோம், யார் வேண்டுமானாலும் சேர்க்கட்டும், திருத்தட்டும், நாம் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்போம் என்றாய். நீ பத்தாவது வரை படித்தவன். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். நான் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடம்தான் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் விதிகளில் பாதி என் மூளை என்றே இன்றுவரை சொல்லி வருகிறேன்.

என் முதல் பதிவு உனக்கு நினைவிருக்கும். என் மைத்துனன் பட்டறைக்கு எழுதினேன்: 'ஆசியாவிலேயே முதன்முறையாக, புயலே வந்தாலும் அசையாத லாரி பாடி.' நீ கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாய்.

"ஏம் மாப்ள, ஆசியா முச்சூடும் போயிட்டு வந்துட்டியா?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குடா."

"புயலு?"

"நம்மூர்ல எங்கடா புயலு வருது? வந்தா அசையாதுங்கறேன்."

"நீ பாத்தியா, கேட்டதா? அத மட்டும் சொல்லு."

எல்லாவற்றையும் வெட்டிவிட்டு 'லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள்' என்று மட்டும் விட்டாய். மைத்துனன் என்னோடு ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. ஒரு முட்டை வியாபாரி ஏமாற்றுகிறார் என்று யாரோ எழுதியபோதும் எழுதியவரைக் கூப்பிட்டு இதே கேள்வியைத்தான் கேட்டாய். "எல்லாரும் சொல்றாங்கங்க" என்றார் அவர். அதையும் எடுத்துவிட்டாய்.

உன் அறிவும் ஒரு இடத்தில் சறுக்கியது, அதை எழுதாமல் விட்டால் என் கை சும்மா இருக்காது. தன் கடைக்கும் சொந்தக்காரர் கடைக்கும் யாரும் ஒப்புதல் கொடுக்கக்கூடாது என்று ஒரு விதி போட்டாய். நல்ல விதிதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு பதிவும் நகரவில்லை. சேகோ ஆலையைத் தொட்டால் உன் பங்காளி. ரிக் வண்டியைத் தொட்டால் எனக்குச் சம்பந்தி முறை. பள்ளிபாளையத்தில் தறிக்கு உதிரி விற்கிற ஒருத்தர், இவர் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சந்தோஷமாக எடுத்தோம். கூப்பிட்டுப் பேசினால், "உங்க அத்த மவளத்தானுங்க எங்க சின்னவனுக்குக் கட்டியிருக்குது" என்கிறார். வரிசையில் பதிவுகள் குவிந்து கிடக்க நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். "மாப்ள, இந்த விதிப்படி பாத்தா இந்தச் சீமையில ஒருத்தனுக்கும் ஒப்புதல் குடுக்க முடியாதாட்டம் இருக்குது."

சொந்தமே இல்லாத ஒரு ஆளைக் கொண்டு வருவோம் என்ற யோசனை என்னுடையது. இல்லை என்று சொல்ல நீ இப்போது இங்கே இல்லை. அப்படித்தான் ஆட்டையாம்பட்டியில் இ-சேவை மையம் வைத்திருக்கிற கலைவாணி வந்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண், நம் இரண்டு பேருக்கும் எந்த வழியிலும் உறவில்லை. வந்த ஒரே மாதத்தில் என்னை மாமா என்றும் உன்னைப் பெரியப்பா என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். "போச்சு, இவளும் சொந்தமாயிட்டா" என்று நீ சிரித்த சிரிப்பு!

இன்னொன்றையும் எழுத வேண்டும். லாரிக்கு எலக்ட்ரிக் வேலை செய்துகொண்டிருந்த நம் சினேகிதன் இறந்தபோது, காரியம் முடிந்து வந்த கையோடு அவன் பதிவை எடுத்தாய். உனக்கு நெஞ்சு கல்லா என்று கத்தினேன். நீ சத்தம் போடவில்லை.

"அவன நம்பி எவனாவது ராசிபுரத்துல இருந்து வந்து நின்னா, அந்தாளுக்கு யாரு மாப்ள பதில் சொல்றது? அவனுக்கு அழுவறதுன்னா இங்க அழுவு. பட்டியல்ல அழுவாத."

அதையே விதியாக எழுதினாய். கடை மூடிவிட்டால் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் கொடுத்து எடுக்க வேண்டும்.

பிறகு உன் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மாப்ள, என்ன ஆனாலும் பட்டியல்ல இருந்து எம் பக்கத்த எடுத்துறாதீங்க. அது ஒன்னாவது இருக்கட்டும்" என்றாய். காரியமெல்லாம் முடிந்து கலைவாணி தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தபோது இதைத்தான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். உன் பதிவுக்குப் பக்கத்தில் 'இதைத் தொட வேண்டாம்' என்று குறித்து வைத்தாள். பிறகு வந்து சேர்ந்த மற்றப் பொறுப்பாளர்களும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். போகிறவன் சொல்லிவிட்டுப் போனதை நம் ஊர்ப் பக்கத்தில் எவன் மீறுவான்? அன்றிலிருந்து மோட்டார்ப் பிரிவில் முதல் வரியாக நீ இருந்தாய். காலையில் எழுந்ததும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினேன். கொஞ்ச நாளாகத்தான் வரியோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே போய் உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அதற்குள் உன் பக்கத்தின் இணைய முகவரிக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க ஆளில்லாமல் எவனோ அதை வாங்கிக்கொண்டுவிட்டான்.

இன்று நான் புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது அந்த விவசாயி வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்து நாலைந்து கதைகள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் எழுந்து, "உங்களுக்கு ரொம்ப வேண்டியவருங்களா?" என்று கேட்டார். கதைகளை விட்டுவிட்டு "ஆமாங்க" என்றேன். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு மோட்டாரைக் கொண்டு போய் இறக்கினோம். இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளைக்கு அவருடைய மரவள்ளிக்கு யார் பதில் சொல்வது என்று நீ கேட்டிருப்பாய்.

திரும்பி வந்து பட்டியலைத் திறந்து, நீக்கக் காரணம் கேட்கிற இடத்தில் எழுதினேன்: 'கடை மூடியிருக்கிறது. நேரில் பார்த்தேன்.' அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கலைவாணி கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க அனுப்புனதப் பாத்தேனுங்க. எனக்குக் கை வரலீங்க."

"விதிதானே சாமி."

"விதி எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பெரியப்பா கடைசியாச் சொன்ன வார்த்தைங்க. அவரு எழுதுன விதிய வெச்சு அவரு கேட்ட ஒன்ன எப்படிங்க மறுக்கறது? எத்தன பேரு வந்து நின்னாலும் நா எடுக்க மாட்டேன். நீங்க வேற யாரையாவது பாத்துக்குங்க."

நாளைக் காலையில் ஆட்டையாம்பட்டி போகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. அவளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

இதில் நான் ஏற்றி எழுதியது நிறைய இருக்கும். வாயைத் திறக்கும்போதெல்லாம் 'நீ பாத்தியா, கேட்டதா?' என்று உன் குரல் இன்னும் காதுக்குள் கேட்கத்தான் செய்கிறது. பாதி நேரம் கேட்காதது போல இருந்துவிடுகிறேன். மற்றதையெல்லாம் நீ இருந்தால் வெட்டியிருப்பாய். ஒன்றை மட்டும் நானே வெட்டுகிறேன், மச்சான். ஆஸ்பத்திரியில் நீ உன் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சன்னலைத் திறக்கச் சொன்னாய். திறந்தேன். "காத்து வருது" என்றாய். அவ்வளவுதான். பக்கம் இருக்கட்டும் என்று கேட்டது நீ இல்லை, நான்.